துரை பங்களாப் புல்லும் என் கல்யாணமும்

எனக்குப் பொருள் வாங்கத் தெரியாது. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. இன்றைக்கும் ஒரு குடை வாங்குவதாக இருந்தால்கூட என்னை வீட்டில் உட்கார வைத்துவிட்டுத்தான் கடைக்குப் போவார்கள். "நீங்க வந்தா பெருசா எதையாச்சும் வாங்கிருவீங்க" என்பாள் என் மனைவி. நியாயமான பேச்சுதான். ஒரு காலத்தில் நான் புல் வெட்டும் மெஷின் ஒன்றை வாங்கி, அதோடு சேர்ந்தே மலையிலிருந்து இறங்கி வந்தவன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. இலங்கை மலைநாட்டில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஆபீசில் சின்னக் கிளாக்கராக, தற்காலிகமாக, ஒட்டிக்கொண்டிருந்தேன். (தற்காலிகம் என்றால் எல்லோருக்கும் முன்னால் வந்து எல்லோருக்கும் பின்னால் வீட்டுக்குப் போவது.) எங்கள் குடும்பத்தில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நான். அந்தத் தலைக்கனம் நிறையவே இருந்தது. கோட்டு ஒன்றுகூட வைத்திருந்தேன். அது அப்பாவின் சிநேகிதருடையது. கை என் விரல் நுனிவரை வரும். மடித்து விட்டால் மரியாதைக் குறைவு என்று அப்படியே தொங்க விட்டிருந்தேன்.

ஆபீசில் எனக்கு மேலே பெரிய கிளாக்கர் ஐயா. அவருக்குச் சரோஜா என்று ஒரு மகள். கோயில் திருவிழாவில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு வார்த்தை பேசியதில்லை. இரண்டு வீட்டிலும் சம்மதம்தான். ஆனால் ஐயா ஒரு முட்டுக்கட்டை போட்டிருந்தார்: "வேலை நிரந்தரமாகட்டும், அப்புறம் தேதி குறிப்போம்." நிரந்தரமாக்க வேண்டியவர் தோட்டத்து மேனேஜரான பெரிய துரை. ஆகவே என் கல்யாணம் வெள்ளைக்காரத் துரையின் வாய்க்குள் இருந்தது.

அந்த வாய் ஒருநாள் திறந்தது.

"கிளாக்கர், டவுனுக்குப் போ. புல்லு வெட்ற மெஷின் வாங்கு. நம்ம லானுக்குச் சரியா வரணும். நல்லா பாத்து வாங்கு."

துரை பங்களா மலை உச்சியில் இருந்தது. அதன் முன்னால் பெரிய புல்வெளி. அதுவரை ஆட்கள் வரிசையாகக் குந்தி அரிவாளால் அரிந்து வந்தார்கள். துரைக்கு இப்போது மெஷின் ஆசை. எனக்கோ இது மெஷின் வாங்கும் வேலையாகவே தோன்றவில்லை. என் நிரந்தரத்துக்கு வைத்த பரீட்சை என்று முடிவு கட்டிவிட்டேன்.

புத்தியுள்ளவன் முதலில் மலையேறிப் போய்ப் புல்வெளியைப் பார்த்திருப்பான். நான் பார்க்கவில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு நிலத்தைப் பார்க்கத் தோன்றாது, அந்தஸ்தைத்தான் பார்க்கத் தோன்றும். பெரிய துரைக்குப் பெரிய பங்களா, சின்னத் துரைக்குச் சின்ன பங்களா. பெரிய துரைக்குப் பெரிய கார், சின்னத் துரைக்கு மோட்டார் சைக்கிள். நாய்கூட அப்படித்தான். மெஷினுக்கு மட்டும் வேறு சட்டமா?

அட்டன் டவுனில் காசிம் நானாவின் கடை. ஆணியிலிருந்து தண்ணீர்ப் பம்பு வரை விற்பவர். (நானா என்றால் முஸ்லிம் பேச்சில் அண்ணன்; அந்தப் பேச்சில் 'சொல்லு' 'செல்லு' ஆகும், 'இருந்தா' 'ஈந்தா' ஆகும்.)

"வாங்க தம்பி, என்ன வேணும், செல்லுங்க."

"புல்லு வெட்ற மெஷின் பாக்கணுங்க நானா. பெரிய துரை பங்களாவுக்கு."

கையால் தள்ளும் சின்ன மெஷின் ஒன்றை எடுத்து வைத்தார். "இது போதும் தம்பி. தள்ளினா வெட்டும், நிப்பாட்டினா நிக்கும்."

"இது சின்னத் துரை பங்களாவுல இருக்குங்களே!"

"ஈந்தா என்ன? நல்லாத்தானே வெட்டுது."

"அவருகிட்ட இருக்கிறதையே பெரிய துரைக்கும் வாங்கிட்டுப் போனா எனக்கு வேலை நிலைக்குமாங்க?"

நானா என்னை ஒரு கணம் பார்த்தார். அதுவரை ஊர்க்காரராக இருந்தவர் அந்தக் கணத்தில் வியாபாரியாக மாறினார். "பெருசு ஒண்டு ஈக்குது" என்று கடையின் பின்பக்கம் கூட்டிப் போய்ச் சாக்கை விலக்கினார். உள்ளேயிருந்து ஒரு கோழி கொக்கரித்துக்கொண்டு வெளியே பாய்ந்தது. வெட்டிய புல் விழும் பெட்டியில் அது அடை காத்துக்கொண்டிருந்தது.

"கோழியைப் பாக்காதீங்க தம்பி, மெஷினைப் பாருங்க."

பார்த்தேன். பச்சை நிறம். பெட்ரோல் எஞ்சின். பின்னால் ஒரு கனத்த உருளை. நான்கு பேர் சேர்ந்தால்தான் தூக்கலாம். எனக்கு அப்போதே பிடித்துப்போனது. அதோடு வந்த படத்தில் ஒரு வெள்ளைக்காரர் வாயில் பைப் புகைத்தபடி அதை ஓட்டிக்கொண்டு போனார். அவர் போன நிலம் அடிவானம் வரை தட்டையாக இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு பந்தைக் கீழே வைத்தால் அது வைத்த இடத்தில் இருக்காது என்பது அந்தப் படத்தைப் பார்க்கும்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

"கைப்பிடியில இந்த இரும்பை அமத்திப் பிடிச்சா போகும். கைய எடுத்தா நிக்கும். அவ்வளவுதான்" என்றார் நானா. பிறகு, மனசாட்சி உறுத்தியதோ என்னவோ, "நெலம் எப்பிடி? மட்டமா, சரிவா?" என்று கேட்டார்.

"துரை பங்களாங்க நானா!" என்றேன். (இதுதான் என் பதில். அவருக்கும் அது போதுமானதாக இருந்தது.)

தோட்டத்து லொறியில் மெஷின் வந்து இறங்கியது. பெரிய கிளாக்கர் ஐயா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பரவாயில்ல தம்பி, துரை மதிப்புக்கு ஏத்த மாதிரி வாங்கியிருக்கீங்க" என்றார். மாமனார் வாயால் பாராட்டு! அந்த உற்சாகத்தில் நானே சொன்னேன்: "ஐயா, ஒரு பூசை போட்டு ஆரம்பிச்சிருவோங்க."

தோட்டத்துக்குப் புது லொறி வந்தாலும், ஃபாக்டரிக்குப் புது மெஷின் வந்தாலும் பூசை இல்லாமல் ஓடாது. துரைக்கும் அது பழக்கம். அவர் வராந்தாவில் நின்று பார்த்தார். கோயில் பண்டாரம் மெஷினுக்கு விபூதி பூசிக் குங்குமம் வைத்தார். உருளைக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, வாழை நாரில் கட்டிய செவ்வந்தி மாலை ஒன்றைக் கைப்பிடியில் போட்டார். மலை உச்சியில் காற்று கொஞ்சமா? மாலை நழுவி நழுவி விழுந்தது. மாலை விழுவது அபசகுனம் அல்லவா? நான் முன்னால் போய் அதைக் கைப்பிடியோடு சேர்த்து இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டேன். நானா காட்டிய அந்த இரும்பும் அமுங்கியபடியே முடிச்சுக்குள் போய்விட்டது.

நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். லொறி டிரைவர் கயிற்றை இழுத்தார். எஞ்சின் உறுமியது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

அப்போதுதான் புல்வெளி சரிவு என்பதை முதன்முதலாகக் கவனித்தேன்.

மெஷின் இறங்க ஆரம்பித்தது. கையை எடுத்தேன், நிற்கவில்லை. சரியாகச் சொன்னால், கையை எடுக்கப் பார்த்தேன். கோட்டின் நீளக் கை மாலைக்குள் சிக்கி, நார் என் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டிருந்தது. வேகமாக நடந்தேன், பிறகு ஓடினேன், பிறகு கால் தரையில் பட்டதா என்பது சந்தேகம்.

"நிப்பாட்டு! நிப்பாட்டு!" என்று துரை கத்தினார்.

"தம்பி, விட்டுருங்க! விட்டுருங்க!" என்று ஐயா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தார். விட முடிந்தால் விடமாட்டேனா?

துரைசாணியின் டேலியாப் பாத்திக்கு நடுவே போனோம். வேலியில் ஒரு இடைவெளி இருந்தது. நாங்கள் போன பிறகு அது பெரிய இடைவெளியானது. பக்கத்து மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். குங்குமம், மாலை, கோட்டு எல்லாம் அவர்கள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். "யாருடி அது, மாப்பிள்ள ஊர்வலம் இந்த ஓட்டம் ஓடுது?" என்று ஒரு குரல் கேட்டது. பிறகு மலையே சிரித்தது.

பங்களாவுக்கு நேர் கீழே பெரிய கிளாக்கர் ஐயாவின் குவார்ட்டர்ஸ். அதன் பின்புறம் அவர் உயிராக வளர்த்த, வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸ் பாத்தி. மெஷின் அதற்குள் இறங்கி, நடு வரிசை முழுவதையும் சீராக வெட்டிக்கொண்டு போய், ஈர மண்ணில் புதைந்து இருமி இருமி நின்றது. பாத்தி ஓரத்தில் கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தவள் சரோஜா.

அவள் மெஷினைப் பார்த்தாள். மாலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு, வீட்டுக்கு வந்தவரிடம் சொல்லவேண்டிய முறைப்படி சொன்னாள்:

"அப்பா வீட்டுல இல்லீங்க."

"தெரியுங்க. பின்னால ஓடி வர்றாரு" என்றேன்.

எங்கள் வாழ்க்கையின் முதல் சம்பாஷணை இதுதான்.

அவள் சிரிக்கவில்லை. (அந்த நன்றியை இன்றும் மறக்கவில்லை.) உள்ளே ஓடிப் போய்க் கத்திரிக்கோல் எடுத்து வந்தாள். "கைய ஆட்டாதீங்க" என்று நாரை வெட்டி என்னை விடுவித்தாள். மேலே காலடிச் சத்தம் கேட்டதும் கத்திரிக்கோலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கொடிப் பக்கம் போய்விட்டாள்.

ஐயாவுக்கு மூச்சு வாங்கியது. லீக்ஸைப் பார்த்ததும் அந்த மூச்சும் நின்றுவிட்டது. அவருக்குப் பின்னால் துரை வந்தார். வெட்டிய வரிசையை வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா வெட்டுது. ஆனா லான் மேலே இருக்கு" என்றார். நான் தலையைக் குனிந்து நின்றேன். வேலை போயிற்று, பெண் போயிற்று என்று கண் கலங்கிவிட்டது. துரை பைப்பைக் கடித்தபடி தீர்ப்புச் சொன்னார்: "கிளாக்கர், நீ ஆபீஸ்ல எழுதற வேலை மட்டும் பாரு. எப்பவும் சாமான் வாங்கப் போகாதே."

எப்பவும்! அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். எப்போதும் சாமான் வாங்கப் போகாமல் இருக்க வேண்டுமென்றால் எப்போதும் வேலையில் இருக்க வேண்டுமல்லவா? அந்த மாதமே நிரந்தரமானேன். மெஷின் தோட்டத்து ஸ்டோருக்குப் போனது. கொஞ்ச நாளில் ஸ்டோர்க்காரரின் கோழி அதன் பெட்டியில் குடியேறியது.

ஐயாதான் அசையவில்லை. "ஒரு மெஷினைப் பாத்து வாங்கத் தெரியாதவன் என் பொண்ண எப்பிடிப் பாத்துக்குவான்?" என்று எங்கள் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். பதில் சொன்னவள் சரோஜா. தன் அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாளாம்:

"மத்தவங்களா இருந்தா பாதி வழியில மெஷினைப் போட்டுட்டு ஓடியிருப்பாங்கப்பா. இவரு கடைசி வரைக்கும் கைய விடலியே. எதைப் பிடிச்சாலும் விடமாட்டாருன்னு தெரியுதில்ல?"

ஐயா யோசித்தார். அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். மாலை மாற்றும்போது அவள் எனக்கு மட்டும் கேட்கும்படி, "கையில சுத்திக்காதீங்க" என்றாள்.

என் மாமனார் கடைசிக் காலம் வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: "நம்ம மாப்பிள்ள பிடிச்ச பிடிய விடாத ஆளு." சரோஜா பக்கத்தில் நின்று முகம் மாறாமல் தலையாட்டுவாள்.

இப்போதும் வீட்டில் ஏதாவது விவாதம் வந்தால் நான் பிடித்த பிடியில் நிற்பதுண்டு. பிள்ளைகள் சொல்லிப் பார்ப்பார்கள், மருமகள் சொல்லிப் பார்ப்பாள், நான் அசையமாட்டேன். அடுக்களையிலிருந்து ஒரு குரல் வரும்.

"கத்திரிக்கோல் கொண்டாரட்டுங்களா?"

நான் விட்டுவிடுவேன்.