கடுங்காப்பி ஏறட்டும்

காப்பியை ருசிக்குக் குடிப்பவர்கள் ஊரில் நிறைய. படகு எஞ்சினுக்கு டீசல் ஊற்றுவதுபோல் உடம்புக்குள் ஊற்றி, அது ஏறும்வரை காத்திருந்து, அப்புறமே நகர்கிற ஆள் இந்த உலகத்திலேயே ஒருவன்தான். பழவேற்காட்டில் அவனுக்குக் கடுங்காப்பி என்று பெயர். என் அண்ணன்.

ஓட்டப்பந்தயக்காரர்கள் ஓடுவதற்கு முன்னால் காப்பி குடிப்பதைப் போனில் பார்த்த அன்று பிடித்தது இந்தப் பைத்தியம்.

"டேய், அது களைப்ப ஒழிக்காதுடா. களைப்பு வந்து கதவத் தட்டும், உனுக்குக் காது கேக்காது. அவ்ளோதான். ஆனா ஏற ஒரு மணி நேரம் ஆவும்."

பொன்னேரி பஸ்ஸுக்கு ஓடுகிறவனையும் விடமாட்டான். மீன் கூடை தூக்குகிற அக்காவிடமும் சொன்னான்.

"ஒரு மணி நேரம் முன்னாடி குடிச்சிட்டுத் தூக்குக்கா."

"அதுவரிக்கும் மீனு இன்னாடா பண்ணும்? பல்லு வெளக்குமா?"

கடலோடு சேர்ந்து ஏறி இறங்குகிற எங்கள் ஏரியில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பது முறைப்படி. சீட்டுப் போட்டு, வீட்டுக்கு வீடு முறை வரும். அதைப் பாடு என்போம். முறை வருகிற வீட்டில் கோல் ஊன்றிப் படகு தள்ள இரண்டு ஆள் வேண்டும். அது எங்கள் குப்பத்துக் கட்டுப்பாடு. நைனா செத்த பிறகு மிச்சம் இருந்தது அண்ணனும் நானும். நானோ பூஞ்சை உடம்பு. எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது, உடம்பு ஐந்தாவதிலேயே நின்றுவிட்டது.

ஊர்க்கூட்டத்தில் சங்கு மாமா எழுந்தார். எங்களுக்குச் சொந்தமெல்லாம் இல்லை, தொண்டை சங்கு மாதிரி.

"இவன் கோல் புடிப்பானா? இவனையே கோலா ஊனலாம்பா!"

கூட்டம் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை.

"வர்ற முறைக்கு அண்ணன் தம்பி ரெண்டு பேரும் பொழுது சாயறதுக்குள்ள போயி வலை கட்டிக் காட்டுங்க. இல்லன்னா பாடு போச்சு."

பாடு போனால் சொந்த ஏரியில் அடுத்தவனுக்குக் கூலிக்குப் போகவேண்டும். அம்மாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணனுக்கு வேறு கவலை. "ஒரு வாரம் தொடாம இருந்தாத்தான் அன்னிக்கி நல்லா புடிக்கும்" என்று காப்பியையே நிறுத்திவிட்டான். தலைவலியில் துண்டை நெற்றியில் இறுக்கிக்கொண்டு கோழியோடு சண்டை போட்டான். ஏலக்கொட்டகையில் ஐஸ் பெட்டிமேல் படுத்துத் தூங்கினான்.

"ஊரு பாட்டப் புடுங்கறதுக்குள்ள இவன் என் உசுரப் புடுங்கிடுவான்" என்றாள் அம்மா.

முறை நாள் வந்தது. மதியம், குண்டான் நிறைய கடுங்காப்பி. ஆளுக்கு ஒரு சொம்பு. குடித்துவிட்டுப் படகில் ஏறி உட்கார்ந்தோம். உட்கார்ந்தேயிருந்தோம்.

கரையில் மொத்தக் குப்பமும் நிற்கிறது.

"கெளம்புங்கடா!" என்றார் சங்கு மாமா.

"இன்னும் ஏறல மாமா."

"தண்ணி வத்துதுடா, பேமானி!"

"ஏறட்டும் மாமா."

அவனுக்கு ஏறியபோது ஏரி இறங்கிவிட்டது. படகு சேற்றில் எருமை மாதிரி உட்கார்ந்திருந்தது. மிதந்து போகவேண்டிய வழியில் பாதியை, கீழே குதித்து முட்டிவரை சேற்றில் தள்ளிக்கொண்டே போனோம். காப்பிக்காகக் காத்திருந்ததால்தான் அவ்வளவு காப்பி தேவைப்பட்டது.

எனக்கும் காப்பி ஏறிவிட்டது. வாய் நிற்கவில்லை.

"பேசாதடா, மூச்சு போவுது."

"நிறுத்த முடியலண்ணா!"

ஆனால் நான் விழவில்லை. அதுதான் ஆச்சரியம். வலை கட்டும்போது கை உதறி, முடிச்சு நிற்கவில்லை. அண்ணன் பின்னாலிருந்து என் கைமேல் கை வைத்து அழுத்தினான். அவன் கையும் உதறியது. இரண்டு உதறலும் சேர்ந்து எப்படியோ ஒரு முடிச்சு விழுந்தது. பொழுது அப்போதுதான் சாய்ந்தது. பாடு எங்களுக்கே என்றார் தலைவர்.

அன்று என்னைத் தள்ள வைத்தது காப்பியா, பக்கத்தில் விடாமல் கேட்ட அவன் மூச்சா, எனக்கு இன்னும் தெரியாது. கேட்டிருந்தால் காப்பி என்றுதான் அடித்துச் சொல்லியிருப்பான்.

போன ஐப்பசியில் பொன்னேரிக்குப் போனவன் திரும்பவில்லை. லாரி.

இந்த மாதம் எங்கள் முறை வந்தது. வீட்டில் கோல் பிடிக்க ஒரே ஆள். கட்டுப்பாடு கட்டுப்பாடுதான். விட்டுக்கொடுத்துவிடலாம் என்று தலைவரைத் தேடிப் போனேன். அவரோடு பேசிக்கொண்டிருந்த சங்கு மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். நேரே எங்கள் படகுக்கு நடந்து, ஏறி, பின்கோலை எடுத்தார்.

"இன்னாடா பாக்கற? இன்னிக்கி உன் வூட்டுல ரெண்டு பேரு. தள்ளு."

தலைவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

பாதி ஏரியில் கோல் சேற்றில் சிக்கியது. திரும்பிப் பார்க்காமலே சொன்னேன்: "சேறு கீது, பாத்துத் தள்ளுண்ணா."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.

"தள்றேன்டா" என்றார் சங்கு மாமா, அவருக்கு இல்லாத மெல்லிய குரலில்.