தேதி போடாத மரண அறிவித்தல்

என் பெரியப்பாவை நான் ஒரு தடவை சாகடித்திருக்கிறேன். கத்தியோ விஷமோ தேவைப்படவில்லை. வீட்டில் ஒரு பிள்ளை அரைகுறையாகக் கம்ப்யூட்டர் படித்திருந்தால் இதெல்லாம் தானாக நடக்கும்.

இலங்கையில் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. எல்கடுவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், பெரியப்பா, பெரியம்மாவோடு ஒன்றாக இருந்தோம். மாத்தளை டவுனில் கம்ப்யூட்டர் கோர்ஸ் ஒன்றை முடித்துவிட்டு, அங்கேயே ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். (போன் பேசலாம், போட்டோகொப்பி அடிக்கலாம், இன்டர்நெட் பார்க்கலாம். மூன்றும் ஒரே நாளில் வேலை செய்தால் அன்றைக்கு நல்ல நாள்.) என் சான்றிதழைச் சட்டம் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவைத்திருந்தார்கள். எனக்கும் தலை கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது.

பெரியப்பா கருப்பையா எங்கள் பகுதி மரண உதவிச் சங்கத்தின் தலைவர். எல்கடுவையிலிருந்து யட்டவத்தை வரைக்கும் எந்தத் தோட்டத்தில் யார் கண்ணை மூடினாலும், சேதி கிடைத்த கையோடு கூடாரம், கதிரை, பெரிய கேத்தல், பாதையோரம் கட்ட வெள்ளைக்கொடி எல்லாம் லொறியில் வந்து இறங்கிவிடும். கல்யாணத்துக்குச் சாப்பாட்டு நேரம் பார்த்து வரும் எங்கள் சனம், சாவு என்றால் மட்டும் அப்படிப் பறக்கும். அந்த வேகத்தில் பெரியப்பாவுக்கு அசாத்தியப் பெருமை. ஒரே ஒரு குறை, ஊர்ப் பையன்கள் டோஹா, ரியாத் என்று போய்விட்டதால் இங்கே நடக்கும் சாவு அவர்களுக்குப் பிந்தித்தான் தெரிகிறது. அவருடைய மகன் செல்வமும் டோஹாவில்தான்.

"நான் ஒரு வெப்சைட் செஞ்சு தர்றேன் பெரியப்பா. இங்க ஒருத்தர் செத்தா அடுத்த நிமிஷமே அங்க தெரியும்" என்றேன். கேட்காமலே உதவி செய்ய வருகிறவர்களைக் கண்டால் ஓடிவிட வேண்டும் என்பது அப்போது அவருக்குத் தெரியவில்லை.

வீட்டில் இருந்த, இன்டர்நெட் இல்லாத பழைய கம்ப்யூட்டரில் தளத்தைக் கட்டினேன். முகப்பைத் திறந்ததும் இறந்தவரின் படம், பேர், தோட்டம், இறந்த தேதி வரவேண்டும். சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு பிணம் தேவைப்பட்டது. வீட்டில் யாரைக் கேட்டாலும் முறைத்தார்கள். கடைசியில் பெரியப்பாதான் முன்வந்தார்.

"என்னயே போடு. தலைவர்னா எல்லாத்துலயும் முன்னுக்கு நிக்கணுமில்ல."

கோட்டுப் போட்டு எடுத்த படம் ஒன்றை அலுமாரியிலிருந்து அவரே தேடி எடுத்துக் கொடுத்தார். திரையில் அது வந்ததும் கிட்டக் குனிந்து பார்த்தார். பிறகு, "நல்லாத்தான் இருக்கேன்" என்றார். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்த மாதிரி இருந்தது.

தேதிக் கட்டத்துக்கு என் விரல் போனபோது பெரியம்மா பின்னாலிருந்து கையைத் தட்டிவிட்டார்.

"பேரு போடு, படம் போடு. தேதி மட்டும் போடாத. உசுரோட இருக்குற மனுசனுக்கு நாள் குறிக்கிறியா? கைய ஒடிச்சுப்புடுவேன்."

எங்கள் பக்கம் விளையாட்டுக்கும் அதைச் செய்ய மாட்டார்கள். காலியாக விட்டேன். தேதி இல்லாமல் கம்ப்யூட்டர் அடம்பிடித்துச் சிவப்புச் சிவப்பாகத் திட்டியது. ஏதோ இரண்டு வரி எழுதி அதன் வாயை அடைத்தேன். என்ன எழுதினேன் என்பதை மறுநாளே மறந்தும் போனேன். வேலை முடிந்ததும் பெரியப்பாவை அழித்து இன்னொரு பிரதி எடுத்து, எல்லாவற்றையும் பென் டிரைவில் போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை கடையிலிருந்து தளத்தைச் சர்வரில் ஏற்றினேன். சர்வர் அமெரிக்காவில் எங்கேயோ இருந்தது. ஏற ஏற லைன் அறுந்தது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். மறுபடியும் அறுந்தது. கடை முதலாளி எட்டிப் பார்த்தார். முஸ்லிம் என்பதால் அவரை எல்லாரும் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம்.

"என்ன தங்கச்சி, இன்னம் ஏறல்லியா? லொறில ஏத்தியிருந்தா இந்நேரம் கொழும்புக்கே போயிருக்கும்."

பென் டிரைவில் இரண்டு பிரதிகள் இருந்தன. ஒன்றில் பெரியப்பா இருந்தார், மற்றதில் இல்லை. இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே பேரை வைத்திருந்த புத்திசாலி நான். கடைசியில் ஒன்று முழுதாக ஏறியபோது எல்கடுவை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. முகப்பைத் திறந்து ஒரு பார்வை பார்த்திருக்கலாம். அதற்குப் பதிலாக வெளிநாட்டுப் பையன்கள் எல்லாருக்கும், 'நமது சங்கத்தின் இணையத்தளம் திறந்துவிட்டது, உடனே பாருங்கள்' என்று ஓர் ஈமெயிலைத் தட்டிவிட்டு, உலகத்தையே இணைத்துவிட்ட திமிரோடு பஸ் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸிலேயே பெரியப்பா தம்புள்ளைக்குப் புறப்பட்டுவிட்டார். சொந்தத்தில் ஒரு காதுகுத்து. அவரிடம் செல்போன் கிடையாது. அந்த நாட்களில் பஸ் ஏறிப் போனவர் வீட்டு வாசலில் வந்து செருப்பைக் கழற்றும்வரை யாருக்கும் நிம்மதி இருக்காது. ஆனால் அதைப் பற்றி யாரும் பேசவும் மாட்டோம். அன்றைக்குக் காலையிலிருந்தே மூடுபனி கலையவில்லை. லயத்துக் கோடியில் நின்ற ஆளைக்கூடக் குரலை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

வீட்டுப் போனுக்கு ஜன்னலோரத்தில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அது அடித்தது. பெரியம்மா எடுத்தார். டோஹாவிலிருந்து செல்வம். அவன் அழுவது எனக்கும் கேட்டது.

"அம்மா, அப்பா எப்படிம்மா போனாரு?"

"பஸ்ல போனாருப்பா" என்றார் பெரியம்மா.

பிறகு அவன் மெதுவாக, "பஸ்ஸுக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டான். பெரியம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

நான் போனைப் பறித்து, எது ஏறிவிட்டது என்பதை ஊகித்து, விளக்கி, வாங்கிக்கட்டிக்கொண்டேன். உறுதிப்படுத்திக்கொள்ளக் கடைக்குக் கோல் எடுத்து, பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொன்னேன். நானா, சாவுச் சேதி கேட்டால் அவர்கள் சொல்லும் "இன்னா லில்லாஹி"யை முணுமுணுத்தார்.

"மெய்தான் தங்கச்சி, ஒங்கட பெரியப்பாதான். நேத்து மவுத்தாகியிருக்காரு எண்டு தேதி போட்டிருக்கு."

நேற்றா? எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. நேற்று அவர் இந்த வீட்டில்தான் கோழிக்கறியும் சோறும் சாப்பிட்டு, உப்புப் போதாது என்று சண்டையும் போட்டார். செல்வத்துக்கு மறுபடி விளக்கினேன். "மத்தவங்களுக்கும் சொல்லிடு" என்றேன். எல்லாம் முடிந்தது என்று பிளேன்டீ ஊற்றிக் குடித்தேன். அந்தத் தேதியை யார் போட்டது என்ற கேள்வி மட்டும் தேநீரோடு இறங்கவில்லை. நான் போடவில்லையே?

மத்தியானம் நெருங்கும்போது போன் மறுபடி அடித்தது. நானாவின் குரல் மாறியிருந்தது.

"தங்கச்சி, நான் இப்ப திரும்பத் தொறந்து பாத்தன். தேதி மாறியிருக்கு."

"என்ன தேதி நானா?"

"இண்டைக்கு."

"நீங்க ஏதும் தொட்டீங்களா?"

"அல்லாஹ் மேல ஆணையா நான் கைய வெக்கல்ல. தன்னால மாறியிருக்கு. நான் இந்தக் கம்ப்யூட்டர ஓஃப் பண்றன் புள்ள."

காலையில் நேற்று இறந்தவர், இப்போது இன்று இறந்திருக்கிறார். யாரும் எழுதாத தேதி. அமெரிக்காவில் இருக்கும் அந்த இயந்திரத்துக்கு, எங்களுக்கு இன்னும் வந்து சேராத சேதி ஏதாவது தெரிந்துவிட்டதோ என்று நினைத்தேன். கம்ப்யூட்டர் படித்த நான், சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிய நான், சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது.

காதுகுத்து வீட்டுக்குக் கோல் எடுத்தோம். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பெரியம்மா அடுப்பில் இருந்த சோற்றுப் பானையை இறக்கி வைத்து, விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தார். சாவு வீட்டில்தான் அப்படி அடுப்பை அணைப்பார்கள். நான் பார்த்தும் பார்க்காதது போல் நின்றேன்.

அப்போதுதான் பனிக்குள் லொறிச் சத்தம் கேட்டது. யாரோ இறங்கினார்கள், பேச்சுக்குரல் இல்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சேலை. பனியும் வெள்ளை என்பதால் முகங்கள் மட்டும் தனியாக மிதந்து வருவது போல இருந்தது. முன்னால் வந்தவர் யட்டவத்தையில் இருக்கும் சங்கத்தின் செயலாளர் முனியாண்டி. அவருடைய மருமகன் ரியாத்தில் பக்கத்தைப் பார்த்துவிட்டு அவருக்குச் சொல்லியிருக்கிறான். தலைவரின் சாவு என்பதால் சங்கம் தன் சரித்திரத்திலேயே காணாத வேகத்தில் வந்திருந்தது. கீழே சந்தியிலிருந்து வெள்ளைக்கொடியும் கட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

"மாமா, பெரியப்பா சாகல. அது நான் செஞ்ச பிழை" என்றேன்.

"சரிம்மா. அப்ப தலைவரு எங்க?"

"தம்புள்ளைக்குப் போயிருக்காரு" என்று ஒருவழியாகச் சொன்னேன்.

லொறி டிரைவர் செயலாளரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வர்ற வழியில கேள்விப்பட்டேன். பலாபத்வலைக்கு அங்கிட்டு ஆமிக்காரங்க ரோட்ட மறிச்சிருக்காங்களாம். தம்புள்ளை பஸ் ஒண்ண ஓரங்கட்டி வச்சு, யாரையும் கிட்டப் போக விடலையாம்."

அதற்குப் பிறகு யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கூடாரம் எழும்பியது. கதிரைகள் விரிந்தன. தப்பு மேளம் அடிப்பவர்கள் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சினார்கள், ஆனால் அடிக்கவில்லை. செயலாளர் கையைக் காட்டாமல் எப்படி அடிப்பது? உடம்பு இல்லாத சாவு வீட்டில் என்ன செய்வதென்று சங்கத்தின் எந்த விதியிலும் இல்லை. எல்லாரும் பனியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். பெரியம்மா வாசற்படியில் இருந்தார். அழவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை. அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு விளையாட்டுப் படத்தை வைத்து அந்த மனுஷனை நானே அனுப்பிவைத்துவிட்டேன் என்று எனக்குள் அழுதுகொண்டிருந்தேன்.

நாலு மணி பஸ் கீழே வந்து திரும்பும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பாதையில் ஓர் உருவம் தெரிந்தது. ஒரு கையில் பை, மறு கையில் மாலை. நிதானமான நடை, தலை குனிந்திருந்தது. கூடாரத்துக்கு வந்து செருப்பை ஓரமாகக் கழற்றி, மாலையைச் சரிசெய்துகொண்டு, முதல் கதிரையில் இருந்தவரிடம் குனிந்து ரகசியக் குரலில் கேட்டது:

"யாருப்பா தவறுனது?"

பெரியப்பா! கேட்கப்பட்டவர் கதிரையோடு பின்னால் சாய்ந்தார். தப்புக்காரர் ஒருவர் பதற்றத்தில் இரண்டு அடி அடித்துவிட்டார். செயலாளர் முனியாண்டி கும்பிட்டார்.

"என்னப்பா எல்லாரும் முழிக்கிறீங்க? சந்தியிலேருந்து கொடி பறக்குது. கடையில கேட்டா மேல லயத்துல யாரோங்கிறான். தலைவரு வெறுங்கையோட வர முடியுமா? மால வாங்கிட்டு வந்தேன்" என்றார் பெரியப்பா. பிறகுதான் அது தன் வீட்டு வாசல் என்பதைக் கவனித்தார். பையைப் போட்டுவிட்டு, "ஏய்! ஒனக்கு என்னடி ஆச்சு?" என்று பெரியம்மாவின் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினார். இறந்தது மனைவிதான் என்று நினைத்துவிட்டார்.

பெரியம்மா எழுந்து அவரைத் தோளில், முதுகில், கிடைத்த இடத்தில் எல்லாம் அடித்தார். அப்புறம்தான் அழுதார். நானும் அழுதேன். தம்புள்ளை பஸ்ஸில் யாரோ மறந்துவிட்டுப் போன பை ஒன்றில் குண்டு இருக்குமோ என்று எல்லாரையும் இறக்கி வெயிலில் நிறுத்தியிருந்தார்களாம். உள்ளே இருந்தது மாசிக் கருவாடு.

மறுநாள் கடையில் என் இரண்டு வரியைத் தேடிப் பிடித்தேன். 'தேதி காலியாக இருந்தால் இன்றைய தேதியைக் காட்டு' என்று எழுதியிருந்தேன். யார் எப்போது பக்கத்தைத் திறந்தாலும் பெரியப்பா அன்றைக்குத்தான் செத்திருப்பார். அதுவும் அமெரிக்காவின் 'அன்றைக்கு'. அங்கே நள்ளிரவு தாண்டியபோது எங்களுக்கு மத்தியானம் நெருங்கியிருந்தது. நானாவிடம் இதை விளக்கினேன். அவர் நம்பவில்லை. பக்கத்திலிருந்து நான் பெரியப்பாவை அழிக்கும்போது நானா எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

வாங்கி வந்த மாலையை வீணாக்காமல் பெரியப்பா சாமி படத்துக்குப் போட்டார். என் சான்றிதழ் எப்போது கழற்றப்பட்டது என்று தெரியவில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது சொன்ன நேரத்துக்கு வராவிட்டால், பெரியம்மா போனில் கேட்பது ஒன்றுதான்: "என்ன, கொடி கட்டச் சொல்லவா?"

யுத்தம் முடிந்து சில வருஷங்கள் கழித்து, பெரியப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். செல்வத்துக்கு நான் கோல் எடுத்தேன். அவன் நம்பவில்லை, அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னான். சங்கம் வந்தது, கூடாரம் எழும்பியது, இந்தத் தடவை தப்பும் அடித்தார்கள். மறுநாள் செல்வமும் வந்து சேர்ந்தான். பின்னேரம் உடம்பைத் தூக்கப் போகும்போது செயலாளர் முனியாண்டி கையை உயர்த்தினார்.

"கொஞ்சம் பொறுங்கப்பா. நாலு மணி பஸ் வந்துரட்டும்."

முதலில் சிரித்தது பெரியம்மாதான். பிறகு சாவு வீடு முழுக்கச் சிரித்தது. சிரித்து முடித்தும் யாரும் பாடையைத் தொடவில்லை. பஸ் கீழே வந்து திரும்பும் சத்தம் கேட்டது. எல்லாரும் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றோம், நானும்தான். வெகுநேரம் நின்றோம். பனிக்குள்ளிருந்து யாரும் வரவில்லை.

"சரி, தூக்குங்க" என்றார் பெரியம்மா.