நாலே நாலு ஓட்டு

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொண்டது.

உன் மூட்டுவலி குறைந்ததா, அத்தானுக்குக் கண் கட்டு அவிழ்த்தாயிற்றா என்று முறைப்படி கேட்டுவிடுகிறேன். பதிலை நேரில் சொல், ஏனென்றால் கடிதம் கண்டதும் நீ கிளம்பி வர வேண்டும். இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை. எனக்குத்தான் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது. இதை எழுதுவதற்குள் மூன்று தடவை மொட்டை மாடிக்குப் போய்விட்டு வந்தேன்.

நம் இரட்டைகளுக்குப் பதினெட்டு முடிந்து வாக்காளர் அட்டை வந்துவிட்டது. பதினோரு நிமிடம் முன்னால் பிறந்த ஒரே தகுதியில் பெரியவனாகிவிட்ட நம் பையன், "யாருக்குப்பா போடணும்? போற வழியில சொல்லிடுங்க" என்றான். எனக்குப் பகீர் என்றது. நான் முப்பது வருஷமாக லிஃப்ட் பரிசோதகன். மணல் மூட்டைகளை ஏற்றி நாலு தடவை மேலும் கீழும் ஓட்டிப் பார்க்காமல் ஒரு மனுஷனை உள்ளே விட்டது கிடையாது. பெற்ற பிள்ளைகளை மட்டும் சோதிக்காமல் சாவடிக்கு அனுப்புவேனா? வருகிற ஞாயிறு வீட்டிலேயே ஒத்திகைத் தேர்தல் என்று அறிவித்தேன். ஜன்னலுக்குப் பச்சைத் திரையா, நீலத் திரையா, இதுதான் பிரச்சினை என்றேன்.

அங்கேதான் சின்னவள் பிடித்துக்கொண்டாள். "திரைக்கு யாருப்பா யோசிச்சு ஓட்டுப் போடுவாங்க? தப்பாப் போட்டா நமக்கு வலிக்கணும், அப்பத்தானே பொறுப்பு வரும்? நான் வெளியூர் காலேஜுக்குப் போகலாமா, வேண்டாமா, அதை வைங்க." எட்டு மணி நேர ரயில் தூரத்தில் நில அளவைப் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்ததும், முடியவே முடியாது என்று நான் ஒற்றைக்காலில் நிற்பதும் உனக்குத் தெரியும். மனதுக்குள் கணக்குப் போட்டேன். மொத்தம் நாலு ஓட்டு. நான் 'வேண்டாம்'. மகள் பத்து நிமிடம் தாமதித்தாலே வாசலுக்கும் சமையலறைக்குமாக நடக்கிற உன் தம்பி மனைவி, அவளும் 'வேண்டாம்'. தங்கை வந்து போர்வையை உருவினால்தான் கண் திறக்கிற பெரியவன், அவன் பிழைப்பே அவளால் ஓடுகிறது, அவனும் 'வேண்டாம்'. மூன்றுக்கு ஒன்று! ஆபீஸ் சோதனைப் படிவத்தின் பின்பக்கத்தில் "முடிவே இறுதியானது, மேல்முறையீடு கிடையாது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன். என் புத்தியை என்ன சொல்ல.

உன் தம்பி மனைவி பள்ளிக்கூட ஆபீஸ் குமாஸ்தா, நிஜத் தேர்தலிலேயே சாவடியில் உட்கார்ந்தவள். அவளைத் தேர்தல் அதிகாரியாகப் போட்டது அடுத்த தப்பு. பிரிட்ஜ் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினேன், அளவு அதிகம் என்று கிழித்தாள். பெரியவனைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு வாரம் வண்டிச் சாவி உன்கிட்டயே இருக்கட்டும்டா, யோசிச்சுப் போடு" என்று ஜாடையாகத்தான் சொன்னேன். அந்தத் தடியன் சாவியையும் வாங்கிக்கொண்டு நேரே போய்ப் புகாரும் கொடுத்தான். கட்டின பெண்டாட்டி எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை கொடுத்தாள் அக்கா! "இன்னொரு தடவை இப்படிப் பண்ணினீங்க, உங்க ஓட்டையே ரத்து பண்ணிடுவேன்" என்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் இவ்வளவு நிதானமாகப் பேசியதே இல்லை.

ஞாயிறு காலை பத்து மணி. பிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே போர்வை கட்டி மறைப்பு, ஷூ டப்பாதான் பெட்டி. விரலில் துணிக்குக் குறி போடுகிற மையை வைத்தாள், இன்னும் போகவில்லை, போகிற கட்டடமெல்லாம் வாட்ச்மேன்கள் "என்ன சார், விரல் மாட்டிக்கிச்சா?" என்கிறார்கள். நான் உள்ளே போய்க் கொஞ்சம் நின்றுவிட்டேன், பேனா சரியாக எழுதவில்லை. "என்னங்க, தூங்கிட்டீங்களா? வரிசை நிக்குது!" என்று கத்தினாள். வரிசையாம், ரெண்டு பேர்! கடைசியில் பெட்டியைத் திறந்தாள். 'போகலாம்' மூன்று, 'வேண்டாம்' ஒன்று. திரும்ப எண்ணச் சொன்னேன். நாலு சீட்டை மூன்று தடவை எண்ணினாள். அந்த ஒன்று யாருடையது என்று உனக்கு நான் சொல்லவும் வேண்டுமா?

நாலு நாளாகக் கத்திக்கொண்டே இருக்கிறேன். சொந்த வீட்டிலேயே துரோகமா என்று பெரியவனைக் கேட்டால், "ரகசிய ஓட்டுப்பா, நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க" என்கிறான். அவன் அம்மா, படிவத்தை எடுத்துக் கையெழுத்தைக் காட்டுகிறாள். ஜெயித்த சின்னவளாவது ஒரு துள்ளல் துள்ள வேண்டாமா? வாயே திறக்காமல் என்னையே பார்க்கிறாள். எல்லாம் திமிர்.

அக்கா, நான் கையெழுத்துப் போட்டவன், ஒன்றும் பேச முடியாது. நீ பேசலாம், நீ இந்தத் தொகுதியே இல்லை. அத்தை சொன்னால் கேட்பாள். கிடைத்த ரயிலைப் பிடித்து வந்து, போகாதேடி என்று ஒரு அதட்டல் போடு. அத்தானுக்கு என் வணக்கம், கண்ணைக் கசக்க வேண்டாம் என்று சொல். உன் பிள்ளைகள் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
சொந்த வீட்டிலேயே தோற்றுப்போன உன் தம்பி

பின்குறிப்பு: ஒட்டின உறையைப் பிரிச்சு இதை எழுதறேன். உன்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது? 'போகலாம்'னு விழுந்த மூணுல ஒண்ணு என்னோடது. போர்வைக்குப் பின்னால யாரும் பார்க்கலே. அவளை ஏன் தடுக்கறேன்னு என்னையே கேட்டேன். எனக்குப் பயம், அவ்வளவுதான். அவ நல்லதுக்குன்னு ஒரு காரணமும் அகப்படலே. டிக் அடிச்சிட்டேன். வெளியே வந்து ஒத்துக்க வாய் வரலே, அதான் கத்தினேன். அந்த ஒத்தை 'வேண்டாம்' அவ அம்மா போட்டதுன்னே நினைச்சிருந்தேன். இப்பதான் அவளே சொன்னா, "நான் போகட்டும்னுதாங்க போட்டேன், போதும் நிறுத்துங்க"ன்னு. பெரியவன் தங்கச்சி ரூமை அளந்து தன் மேஜைக்கு இடமே பார்த்தாச்சு. அப்ப மிச்சம் யாரு? சின்னவளேதான் அக்கா. சாயங்காலம் எட்டிப் பார்த்தேன், பெட்டியில துணியை அடுக்கறா, வெளியே எடுக்கறா, திரும்ப அடுக்கறா. பிள்ளை பயந்து போயிருக்கு. இன்னொண்ணு கேளு. 'வேண்டாம்' அவளோட ஒண்ணுதான்னா, அப்பாவும் 'போகலாம்'னுதான் போட்டார்னு எண்ணின அன்னிக்கே அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சுக்கிட்டேதான் என் கூச்சல் அத்தனையையும் கேட்டுக்கிட்டு இருந்திருக்கா. அதனால நீ கட்டாயம் வா. வந்து, போகாதேன்னு சொல்லிடாதே. தைரியமாப் போடின்னு சொல்லு. நான் சொல்லலாம்னு பக்கத்துல போனா எனக்கு அழுகை வந்துடுது.