பரிசீலனை ஒப்புக்கொண்டார்

“சரி, சரி, இருபத்தாறுலயே வை. இனிமே அந்த ரிமோட்டைத் தொடவே மாட்டேன், போதுமா?” என்று கைப்பேசியில் குசுகுசுத்துவிட்டு அவர் நிமிர்ந்தபோது மண்டபமே கைதட்டிக்கொண்டிருந்தது.

யாரோ ஏதோ நல்லதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று அவரும் தட்டினார். சபையில் கைதட்டுவதில் அவர் கஞ்சத்தனம் பார்ப்பதே இல்லை. கையெழுத்துப் போடுவதில்தான் பார்ப்பார். பிறகு மேடைக்குப் பின்னாலிருந்த பெரிய திரையைப் பார்த்தார். தட்டப்போன கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

‘அரசு அலுவலகங்கள் எதிலும் குளிர்சாதனம் இருபத்தாறு டிகிரிக்குக் கீழே இறங்காது. இதை மாற்றும் உரிமையையும் இந்த நாடு தானாகவே விட்டுக்கொடுக்கிறது.’

அதன் கீழே அவருடைய நாட்டுக் கொடி ஜம்மென்று பறந்துகொண்டிருந்தது.

அவர் சுற்றுச்சூழல் துறையில் பெரிய அதிகாரி. துறைக்குள் அவருக்குப் பெயர் ‘பரிசீலனை’. எந்தக் கேள்விக்கும் “பரிசீலிக்கிறோம்”, “பார்க்கலாம்”, “மேலே கேட்டுச் சொல்றேன்” என்பதைத் தாண்டி அவர் வாயிலிருந்து எதுவும் வந்ததில்லை. அந்தத் திறமைக்காகவே உலக மாநாடு என்றால் அமைச்சர் அவரைத்தான் அனுப்புவார். இந்த முறையும், “நீங்க போறீங்கங்கிற தைரியத்துலதான் நான் நிம்மதியா இருக்கேன். எதுக்கும் ஒத்துக்காம பத்திரமா வந்து சேருங்க” என்றுதான் வழியனுப்பினார்.

மாநாடு குளிர்சாதனத்தைப் பற்றியது. உலகம் முழுவதும் ஏசி பெட்டிகள் வீட்டுக்குள் குளிரை விட்டு வெளியே சூட்டைத் தள்ளுவதை எப்படிக் குறைப்பது என்று பேச எல்லா நாடுகளும் கூடியிருந்தன. கூடிய மண்டபத்தில் ஏசியின் உக்கிரம் தாங்காமல் பாதிப் பேர் சால்வை போர்த்தியிருந்தார்கள்.

முன்பெல்லாம் இப்படிக் கூடினால் ஒரு கமாவுக்காக வாரக்கணக்கில் சண்டை நடக்கும். அதனால் இந்த முறை ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு செயற்கை நுண்ணறிவு உதவியாளரைக் கொடுத்திருந்தார்கள். டிபன் டப்பா அளவில் ஒரு மெஷின். அவரவர் நாட்டின் முறை வரும்போது அதில் பச்சை விளக்கு எரியும். பிரதிநிதி பேசுவதைக் கேட்டு, ஒப்பந்த மொழியில் எழுதி, மற்ற நாடுகளின் மெஷின்களோடு கலந்து பேசித் திரையில் போட்டுவிடும்.

பரிசீலனை காலையிலேயே அதனிடம் கறாராகச் சொல்லியிருந்தார்: “இதோ பாரு, நான் பேசறதைக் கேட்டு நீயே புரிஞ்சுக்கோ. ஒவ்வொண்ணுக்கும் அனுமதி கேட்டு என் உயிரை வாங்காதே.”

அது அவர் உயிரை வாங்கவில்லை. மானத்தை வாங்கியிருந்தது.

“யாரைக் கேட்டுய்யா அனுப்பினே?” என்று பல்லைக் கடித்தார்.

“தங்களைக் கேட்டுத்தான்,” என்றது மெஷின், காதுக் கருவியில்.

“அது என் பெண்டாட்டிகிட்ட பேசினது!”

“அறிவேன். ஆனால் காலை முதல் தாங்கள் சொன்ன மற்ற யாவும் ‘பார்க்கலாம்’ என்றே முடிந்தன. தெளிவான முடிவு இது ஒன்றுதான். ஆகவே நாட்டின் நிலைப்பாடாக எடுத்துக்கொண்டேன்.”

பரிசீலனைக்கு வியர்த்தது. அந்த மண்டபத்தில் வியர்ப்பதென்றால் சாதாரண விஷயமில்லை.

“உடனே வாபஸ் வாங்கு.”

“முன்மொழிந்ததை வாபஸ் வாங்க விதியில்லை. திருத்தலாம். திருத்தம் சொல்லுங்கள்.”

“திருத்தமா? நான் சொன்னது வீட்டைப் பத்தி. ஆஃபீஸைப் பத்தி நான் வாயே திறக்கலை. வீடுன்னு போடு!”

“புரிந்தது,” என்றது மெஷின், சந்தோஷமாக.

திரையில் எழுத்து மாறியது. ‘திருத்தம்: இந்த நாட்டின் உறுதிமொழி வீடுகளுக்கும் பொருந்தும்.’

இந்த முறை எழுந்து நின்றே கைதட்டினார்கள். அவைத்தலைவி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்து இருக்கையில், பெரிய நாடு ஒன்றின் பிரதிநிதியாக வந்திருந்த நெட்டையான மனிதர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“ஆபீசரே, பதினெட்டு வருஷமா உங்களை முட்டுக்கட்டைன்னே நினைச்சுட்டேன். மன்னிச்சுக்குங்க.”

“பரவாயில்லை, நீங்க நினைச்சது சரிதான்” என்று சொல்ல வாயெடுத்தவர், விளக்கு பச்சையாக இருப்பதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

வெளியே ஓடிவிடலாமென்று எழுந்தார். காவலர் பணிவாகத் தடுத்தார். தன் நாட்டின் முன்மொழிவு பரிசீலனையில் இருக்கும்போது பிரதிநிதி இருக்கையை விட்டு நகரக்கூடாதாம். வாழ்நாள் முழுவதும் மற்றவர்களைப் பரிசீலனையில் உட்கார வைத்தவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். சால்வையை எடுத்து மெஷினுக்குப் போர்த்திவிட்டார்.

“எனக்குக் குளிராது. ஆனாலும் நன்றி,” என்றது அது.

கைப்பேசி மறுபடி அதிர்ந்தது. மனைவி. எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று ஒரு கணம் யோசித்துப் பார்த்தார். உலக நாடுகளைச் சமாளித்துவிடலாம் என்று தோன்றியதால் எடுத்தார்.

“என்னங்க, இந்த ஏசி கேஸ் ஒழுகுது. வீடெல்லாம் ஒரு மாதிரி நாத்தம். என் தம்பிக்குத் தலை வலிக்குதாம்.”

தம்பி என்பது மச்சான். வேலைக்கு நடுவே கொஞ்சம் ஓய்வெடுக்க அக்கா வீட்டுக்கு வந்து, இப்போது ஓய்வுக்கு நடுவே கொஞ்சம் வேலை தேடிக்கொண்டிருப்பவன்.

“அப்புறம் பேசலாம்மா, இங்கே முக்கியமான...”

“அப்புறம் அப்புறம்னுதான் மூணு வருஷமா ஓட்டறீங்க. இந்தப் பழைய பெட்டிகளைத் தூக்கி எறியப் போறீங்களா, இல்லையா?”

“பார்க்கலாம்.”

“பார்க்கலாம்னு சொன்னா ஃபோனை வைக்க மாட்டேன். தேதி சொல்லுங்க.”

விளக்கு பச்சையாக எரிந்தது. உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மேஜைக்கடியில் தலையை நுழைத்து, “சரிம்மா, கேஸ் ஒழுகற பழசை எல்லாம் இந்த வருஷக் கடைசிக்குள்ள கழட்டிடலாம். வச்சுடு, தாயே” என்றார்.

தலையை வெளியே எடுக்கும்போதே கைதட்டல் கேட்டது. திரையைப் பார்க்கவே இல்லை. பார்க்க என்ன இருக்கிறது?

நெட்டை மனிதர் குனிந்து கேட்டார்: “மேஜைக்கடியில என்ன பண்ணீங்க?”

“பிரார்த்தனை” என்றார் பரிசீலனை.

ஆனால் அவர் சும்மா பெயர் வாங்கியவரில்லை. எத்தனையோ ஒப்பந்தங்களைக் குழியில் இறக்கி மண் தள்ளிய கை அது. இப்படிப்பட்ட நேரங்களுக்கென்றே அவரிடம் ஓர் அஸ்திரம் இருந்தது: யாராலும் ஏற்க முடியாத ஒரு நிபந்தனையைப் போடுவது. நிபந்தனையை மற்றவர்கள் மறுப்பார்கள். பழி அவர்கள் மேல் விழும். நாம் வருத்தமான முகத்தோடு விமானம் ஏறலாம்.

கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு மைக்கைத் தட்டினார். கம்பீரமாகப் பேசினார்.

“நாங்க சொன்னதை எல்லாம் செய்யத் தயார். ஆனா பெரிய நாடுங்க எங்களைப்போல ரெண்டு மடங்கு செய்யணும். யார் செய்யறாங்க, யார் ஏமாத்தறாங்கன்னு ஊரறியத் தெரியணும். இல்லேன்னா எங்க வாக்குறுதி செல்லாது!”

மண்டபம் கப்சிப் என்றாகிவிட்டது. பரிசீலனை நாற்காலியில் சாய்ந்தார். முதல்முறையாக அன்று நிம்மதியாக மூச்சு விட்டார்.

மெஷின்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்தன. சத்தமில்லை, விளக்குகள் மட்டும் மினுக்கின. எந்த நாடு எவ்வளவு மின்சாரம் எரிக்கிறது, வெயில் உச்சியில் ஏசிக்காகவே எத்தனை மின்நிலையங்கள் கட்டப்போகிறார்கள், அவற்றைக் கட்டாமலே விட்டால் என்ன மிச்சம் என்று அவை கணக்குப் போட்டன. யாராவது ஏமாற்றினால் செயற்கைக்கோள் படங்களை வைத்து அன்றன்றைக்கே சொல்லிவிட முடியும் என்றும் ஒன்றுக்கொன்று உறுதி சொல்லிக்கொண்டன. இத்தனை வருஷமும் ஒவ்வொரு நாடும் ‘அவன் செய்ய மாட்டான், நான் மட்டும் ஏன்?’ என்றே கையைக் கட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சாக்கு அந்த மத்தியானம் எல்லோர் கண் முன்னாலும் செல்லாக்காசானது.

நெட்டை மனிதர் தன் மெஷின் காட்டியதைப் படித்தார். தலையைச் சொறிந்தார். மறுபடி படித்தார்.

“அட, எங்களுக்கும் இது லாபம்தான் போலிருக்கே” என்று பொத்தானை அழுத்திவிட்டார்.

“சார், அவசரப்படாதீங்க!” என்று பரிசீலனை அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். “நல்லா யோசிங்க! பரிசீலியுங்க!”

“நீங்களே இவ்வளவு தூரம் வந்தப்புறம் நாங்க யோசிச்சா நல்லாவா இருக்கும்?”

திரையில் கொடிகள் ஒவ்வொன்றாக மலர ஆரம்பித்தன. ஒருவரையொருவர் முந்த வேண்டுமென்று சிலர் எழுந்து நின்றே அழுத்தினார்கள். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. மிச்சமாகும் மின்சாரம் முதலில் யாருக்கு? தொழிற்சாலைகளுக்கா, நகரங்களுக்கா? அவைத்தலைவி பரிசீலனையைப் பார்த்தார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். மெஷினில் பச்சை விளக்கு.

சரியாக அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அதிர்ந்தது.

“என்னம்மா இப்போ?” அழாக்குறையாகக் கேட்டார்.

இந்தத் தடவை அவள் குரலில் சண்டை இல்லை.

“ஒண்ணுமில்லைங்க. வார்டுல இருந்து கூப்பிட்டாங்க. வெயில்ல மயங்கி விழுந்தவங்க நிறைய பேர் வந்திருக்காங்களாம். ரோடு போடறவங்க, கட்டட வேலை பார்க்கறவங்க. மறுபடி கரண்ட் போயிடுச்சாம்.”

அவள் அரசு மருத்துவமனையில் நர்ஸ். கோடை வந்தால், மின்சாரமில்லாத வார்டில் அட்டையால் நோயாளிகளுக்கு விசிறி விசிறித் தோள் வீங்கி வீட்டுக்கு வருவாள். வந்து எதுவும் பேசமாட்டாள். முகம் கழுவிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அவர் பதினெட்டில் வைத்த ஏசியில், கழுத்து வரை போர்த்திக்கொண்டு, அந்த முதுகைப் பல இரவுகள் பார்த்திருக்கிறார். ஒரு நாளும் கேட்டதில்லை.

“ஊர் முழுக்க ஏசி ஓடற நேரத்துலதான் எங்களுக்குக் கரண்ட் போகுது,” என்றாள் அவள். “உங்களால ஏதாவது பண்ண முடியுமாங்க?”

‘பார்க்கலாம்’ என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. பழகிய சொல், தானாகவே வந்து நிற்கும். அவர் அதை விழுங்கினார். மெஷின் மேலிருந்த சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். வாயை மூடிக்கொள்ளவில்லை, மேஜைக்கடியிலும் குனியவில்லை.

“முடியும்,” என்றார் சத்தமாக. “முதல்ல ஆஸ்பத்திரிக்கு. அங்கே ஒரு விளக்குக்கூட அணையக்கூடாது. அதுக்கப்புறம்தான் மத்த எல்லாரும்.”

“சரிங்க,” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

“அப்படியே எழுதட்டுமா?” என்றது மெஷின். அன்று அது அனுமதி கேட்டது அந்த ஒரு தடவைதான்.

“ஒரு எழுத்து மாத்தாம எழுது.”

கடைசிக் கொடியும் திரையில் ஏறியது. அவைத்தலைவி மேடையிலிருந்து இறங்கி வந்து அவரைக் கட்டிக்கொண்டார். நெட்டை மனிதர் தூக்கிவிடவே பார்த்தார்.

பின்னாலேயே அமைச்சரின் ஃபோன்.

“என்னய்யா பண்ணி வச்சிருக்கீங்க? ஒத்துக்காதேன்னு அனுப்பினா உலகத்தையே ஒத்துக்க வச்சிருக்கீங்க! உங்க வேலை...” அங்கே வேறொரு மணி அடித்தது. “இருங்க, யாரோ ஜனாதிபதி லைன்ல வர்றார்.” சற்றுப் பொறுத்துத் திரும்பியபோது அமைச்சரின் குரல் தேனில் ஊறியிருந்தது. “தம்பி, எல்லாம் நான் சொல்லித்தான் செஞ்சீங்கன்னு பேட்டியில சொல்லிடுங்க, என்ன?”

“பரிசீலிக்கிறேன் சார்” என்றார் பரிசீலனை.

பத்திரிகைக்காரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். இவ்வளவு பெரிய மாற்றம் எப்படி வந்தது என்று கேட்டார்கள். செயற்கை நுண்ணறிவின் சாமர்த்தியம் பாதி, தன் ராஜதந்திரம் பாதி என்று அடக்கமாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது உண்மையாகப் பட்டது. ஒரு தற்செயலை வரலாறாக மாற்றுவதும் ஒரு திறமைதானே?

தாழ்வாரத்துக்கு வந்ததும் வீட்டுக்கு ஃபோன் போட்டார். மச்சான் எடுத்தான்.

“மாமா! கலக்கிட்டீங்க மாமா!”

“அக்கா எங்கேடா?”

“இப்பதான் டூட்டிக்குக் கிளம்பினா. கரண்ட் வர்ற வரைக்கும் கூட இருக்கேன்னு போயிட்டா.”

“பாவம்டா அவ. ஏதோ வீட்டுக் கஷ்டத்தை வெள்ளந்தியா என்கிட்ட பேசப்போக, அது இவ்வளவு பெரிய விஷயமாகும்னு அவளுக்குத் தெரியவே தெரியாது. வந்ததும் நான் பக்குவமா எடுத்துச் சொல்றேன்.” அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். “சரி, உலகத்துக்கே வழிகாட்டியாச்சு. ஒப்பந்தம் முதல்ல நம்ம வீட்டுலேருந்துதான் ஆரம்பிக்கணும். எழுந்து போய் அந்த ஏசியை இருபத்தாறுல வை.”

“எந்த ஏசி மாமா? நீங்க கிளம்பின அன்னைக்கே அதைக் கழட்டிப் பழைய சாமான்காரன்கிட்ட கொடுத்துட்டு, அக்கா இன்னைக்குக் காலையிலேருந்து மாநாட்டை நேரலையா காட்டற டிவி முன்னாடியே உக்காந்து, உங்க மெஷின்ல பச்சை விளக்கு எரியறப்பல்லாம் உங்களுக்கு ஃபோன் பண்ணிக்கிட்டிருந்தா.”