ஆமென் மாஸ்டரோடு வாவியைச் சுற்றியவன்

கண்டி வாவியை முக்கால் மணி நேரத்தில் யாரும் நடந்து சுற்றிவிடலாம். ஆமென் மாஸ்டரோடு போனால் மட்டும் முடியாது. அவருக்கு ஒவ்வொரு மரமும் ஒரு பிரசங்கம். ஒவ்வொரு பூச்சியும் ஒரு வேத பாடம்.

கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் ‘ஆமென்’ என்று முடிப்பதால் அந்தப் பெயர். சீனி வியாதிக்காக டாக்டர் என்னை நடக்கச் சொன்ன முதல் நாளே அவரிடம் மாட்டிக்கொண்டேன்.

கிளையில் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது.

“பாருங்க சார், நனைஞ்சு போனவன் வெட்கப்படாம ரெண்டு கையையும் விரிச்சு நிக்கிறான். ஜெபம்னா அதுதான். ஆமென்.”

“மாஸ்டர், நான் முருகன் பக்தன்.”

“அதனால என்னாங்க? நீங்களும் நனையத்தானே செய்றீங்க!”

ஒருநாள் உடவத்தைக் காட்டுப் பாதையில் அவர் காலில் அட்டை ஏறியது. நான் பதறிப்போய் உப்புத் தேடினேன். அவரோ, “பாவமும் இப்படித்தான், கடிக்கிறப்ப தெரியாது” என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் அட்டை வயிறு நிறையக் குடித்துத் தானாகவே விழுந்துவிட்டது. அவ்வளவு பொறுமையாக அவரைக் கேட்ட உயிர் வேறு இல்லை.

நத்தை விவகாரம்தான் எல்லை மீறியது. ரோட்டைக் கடந்துகொண்டிருந்த ஒரு நத்தைக்காக, இரண்டு கைகளையும் உயர்த்தி அக்குறணை பஸ்ஸை மறித்துவிட்டார். டிரைவர் தலையை நீட்டினார்.

“மாஸ்டர், நத்தை சொர்க்கத்துக்குப் போகட்டும். எனக்கு அக்குறணைக்குப் போகணுமே!”

“எல்லாத்தையும் விட்டுட்டு வான்னாரு ஆண்டவரு. இது வீட்டையும் தூக்கிக்கிட்டுப் புறப்பட்டிருச்சு தம்பி. அதான் லேட்டு!”

பஸ்ஸில் இருந்தவர்கள் என்னையும் சேர்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு மானம் போய்விட்டது. மறுநாள் போன் எடுத்து, முழங்கால் வலி, இனி நடக்க முடியாது என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டேன். அதன்பிறகு சாயங்காலத்தில், குண்டசாலையிலேயே, எங்கள் வீட்டைச் சுற்றித் தனியாக நடந்தேன்.

மூன்றாம் நாள் காலை வாசலில் ஆட்டோ நின்றது. கையில் தைலப் போத்தலோடு மாஸ்டர். நான் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினேன்.

“அவரு இப்பத்தான் படுத்தாரு மாஸ்டர்” என்றாள் மனைவி.

“எழுப்பாதீங்கம்மா. நான் இங்கேயே ஜெபம் பண்ணிட்டுப் போறேன்.”

கதிரையில் உட்கார்ந்து, தெருவுக்கே கேட்கும்படி, என் முழங்கால் இரண்டையும் பெயர் சொல்லாத குறையாக ஆண்டவரிடம் ஒப்படைத்தார். கதவுக்குப் பின்னால், எந்த நோவும் இல்லாத அதே கால்களில், மூச்சுவிடாமல் நின்றேன். முதலில் சிரிப்பு வந்தது. அவர் குரல் தழுதழுத்தபோது அது நின்றுபோனது. அப்போதாவது வெளியே வந்திருக்கலாம். வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து, அவருக்குப் பாரிசவாதம் என்று அவருடைய மகள் போனில் சொன்னாள். வலது பக்கம் இழுத்துக்கொண்டது, பேச்சும் போய்விட்டது.

ஒரு சனிக்கிழமை காலை அவரைச் சக்கர நாற்காலியில் வாவிக் கரைக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

“மாஸ்டர், முழங்கால் வலின்னு நான் சொன்னது பொய்.”

அவர் முகத்தில் வியப்பே இல்லை. முன்பே தெரியும் என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு இடது கையை நீட்டினார். தண்ணீரில் ஒரு கல். கல்மேல் ஓர் ஆமை. அதன் முதுகில் இன்னோர் ஆமை ஏறப் பார்த்துச் சறுக்கிக்கொண்டிருந்தது. மாஸ்டரின் உதடு துடித்தது. சத்தம் வரவில்லை.

“பொறுமையைச் சொல்றீங்களா?”

இல்லை என்று தலையசைத்தார்.

“ஒருத்தரை ஒருத்தர் தாங்கணும்னா?”

அதுவும் இல்லை. எனக்குத் தெரிந்த நற்குணங்களையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் பாதி முகத்தால் சிரித்தார். எத்தனையோ காலைகளில் இலவசமாகக் கிடைத்த பிரசங்கம், அன்று கெஞ்சியும் கிடைக்கவில்லை.

வெயில் ஏறியது. நடக்க வந்தவர்கள் எங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் குந்தினேன். எனக்கு ஓர் அவசரமும் இருக்கவில்லை.