இடப்பக்கங்களை அழித்தவள் எழுதிக்கொள்வது

எட்டாம் வகுப்பு ஆ பிரிவில், சன்னலோரம் இரண்டாவது பெஞ்சில் உட்காரும் எங்கள் சில்லுவுக்குக் கட்டுரை எழுதச் சொல்லித்தரும் டீச்சரம்மா அவர்களுக்கு, அவள் அப்பாவைப் பெற்றவள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மகன், மருமகள், பேத்தி நால்வரும் நலம். உங்கள் நலமும் உங்கள் வீட்டார் நலமும் அறிய ஆவல். சில்லுவின் கட்டுரை நோட்டு மட்டும் நலமாக இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இதுவரை பள்ளிக்கூடத்துக்கு நான் எழுதியதெல்லாம் காய்ச்சல் கடிதம்தான். மூன்று வரி, கீழே கையெழுத்து, முடிந்தது. இது அந்த ரகம் இல்லை. ஆகவே கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் பொறுத்துக்கொண்டு கடைசிவரை படிக்க வேண்டும்.

ஆண்டு தொடக்கத்தில் நீங்கள் ஒரு விதி போட்டிருக்கிறீர்கள். நோட்டில் இடப்பக்கம் பென்சிலால் மனதில் தோன்றியதை எழுத வேண்டும், அடிக்கலாம், திருத்தலாம், அம்புக்குறி போடலாம். வலப்பக்கம் பேனாவால் திருத்திய கட்டுரை. ஆண்டு முடிவில் இடப்பக்கங்களை எல்லாம் திரும்பப் படித்து, இந்த ஆண்டு நான் எப்படி எழுதக் கற்றேன் என்று மூன்று பக்கம் எழுதி நோட்டோடு சேர்த்துத் தர வேண்டும். அதைப் பார்த்துத்தான் அடுத்த ஆண்டு பள்ளி மலர் தயாரிக்கும் குழுவுக்கு இரண்டு பேரை எடுப்பீர்கள். அந்தக் குழு என்றால் சில்லுவுக்கு உயிர். ஆறு மாதமாக வீட்டில் இதே பேச்சு. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்று: இடப்பக்கத்தில் எதையும் அழிக்கக் கூடாது என்பது. அது நேற்று மாலைதான் தெரிந்தது. அப்போது அழிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

நேற்றுக் காலை பள்ளிக்குக் கிளம்பும்போது, "பாட்டி, திங்கக்கிழமை டீச்சர்கிட்ட கொடுக்கணும், இதுக்கு ஒரு அட்டை போட்டு வை" என்று நோட்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அட்டை போடச் சொன்னால் அட்டையோடு நிறுத்தியிருக்க வேண்டும். நான் உள்ளே பிரித்துப் பார்த்தேன். டீச்சரம்மா, நான் இருபத்தெட்டு ஆண்டு ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். கறையோடு விரிப்பு உள்ளே வரும், வெள்ளையாக வெளியே போகும். அது என்ன கறை, எப்படிப் பட்டது என்று யாரும் கேட்டதுமில்லை, எழுதி வைத்ததுமில்லை. வெள்ளையாக இருந்தால் மடித்து அடுக்கு, இல்லாவிட்டால் மறுபடி தொட்டியில் போடு, அவ்வளவுதான். அப்படிப்பட்ட கண்ணுக்கு அந்த இடப்பக்கங்கள் எப்படித் தெரிந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அடித்தல், அடித்ததன்மேல் அடித்தல், நடுவில் வட்டம், ஓரத்தில் கேள்விக்குறி. இதை எந்த முகத்தோடு டீச்சரிடம் நீட்டுவாள் பிள்ளை என்று எனக்குப் பதறிவிட்டது. புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பதினான்கு இடப்பக்கம். இரண்டு ரப்பர் தேய்ந்து பட்டாணி அளவுக்கு வந்தன. எழுத்து போனாலும் பென்சில் அழுத்திய பள்ளம் தெரிந்தது, விரலை ஈரமாக்கித் தடவி இஸ்திரி போட்டேன். பன்னிரண்டு பக்கம் மொடமொடவென்று வந்தன, இரண்டு பக்கம் பொன்னிறமாக வந்தன. அப்புறம்தான் ஓரங்களில் நீங்கள் சிவப்பு மையில் எழுதியிருந்தது கண்ணில் பட்டது. ரத்தக் கறையையே எடுத்தவளுக்குச் சிவப்பு மை எம்மாத்திரம்? பஞ்சில் பிளீச் தொட்டு ஒற்றி ஒற்றி எடுத்தேன். ஒரு டீச்சரின் எழுத்தை அழிக்கிறோமே என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை, அதற்குத் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு தாளில் மட்டும் மையும் போனது, தாளும் போனது. இப்போது அந்த ஓட்டை வழியாக அடுத்த கட்டுரை எட்டிப் பார்க்கிறது. எல்லாம் முடிந்தபிறகு வெற்றாகக் கிடந்த பக்கங்களைப் பார்க்கப் பாவமாக இருந்ததால், வலப்பக்கத்தில் இருந்ததை அப்படியே பார்த்து, என் உருண்டைக் கையெழுத்தில், இடப்பக்கத்திலும் எழுதி நிரப்பினேன். நிமிர்ந்தபோது மணி மூன்றரை. முதுகு நிமிர ஐந்து மணி ஆகிவிட்டது.

அதற்கு நடுவே, நாலு மணிக்கு அவள் வந்தாள். நான் பெருமையாக நோட்டை நீட்டினேன். முதல் பக்கம் புரட்டினாள், நடுவில் புரட்டினாள், கடைசியில் புரட்டினாள். பையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன பாட்டி இது?"

"சுத்தம் பண்ணிட்டேன்டி கண்ணு. ஒரு தப்பு இல்ல பாரு."

"அதான் பாட்டி. ஒரு தப்புகூட இல்ல. முதல் மாசமும் இப்படித்தான் எழுதியிருக்கேன், கடைசி மாசமும் இப்படித்தான் எழுதியிருக்கேன். அப்ப வருஷம் பூரா நான் என்னதான் கத்துக்கிட்டேன்?"

மாலையில் என் மகன் வந்தான். பேருந்து ஓட்டுகிறவன், அவனுக்கு எல்லாமே வண்டிதான். "ஓடின தூரத்தையே மீட்டர்ல அழிச்சிட்டியேம்மா" என்றான். மருந்துக்கடையிலிருந்து வந்த மருமகள் நோட்டைத் தடவிப் பார்த்து, "நல்ல வேளை அத்தை, பிள்ளையையும் சேர்த்து இஸ்திரி போடாம விட்டீங்க" என்றாள். நாங்கள் மூவரும் சிரித்தோம். சில்லு சிரிக்கவில்லை. அப்போதுதான் நான் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு உறைத்தது.

இன்று காலை நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "நானே டீச்சர்கிட்ட சொல்லிக்கறேன், நீ ஒண்ணும் பண்ணாத" என்று கிளம்பிவிட்டாள். என் பயமே அங்கேதான். அவள் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள். நோட்டு நனைந்துவிட்டது, நானே அழித்தேன் என்று ஏதாவது சொல்லித் தொலைப்பாள். ஒரு வருடம் பாடுபட்டு அவள் எழுத்திலிருந்து பொய்யை நீங்கள் எடுத்தீர்கள். அது என்னால் திரும்பி வரக் கூடாது. அதனால்தான் அவள் பேச்சை மீறி எழுதுகிறேன்.

அந்தத் தப்புகளை அழித்தவள் நான்தான். ஆனால் அழிப்பதற்கு முன் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தவளும் நான்தான். அதுவுமில்லாமல் ஒவ்வொரு கட்டுரையையும், நான் துணி மடிக்கும்போது கட்டிலில் உட்கார்ந்து எனக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். ஆகவே அவள் எவ்வளவு மோசமாக எழுதினாள் என்பதற்கு நான் சாட்சி. முதல் கட்டுரை 'எங்கள் வீடு'. எங்கள் வீட்டு வாசலில் வண்ண வண்ணப் பூந்தோட்டம் என்று எழுதியிருந்தாள். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. வாசலைத் திறந்தால் எதிர்வீட்டுக் கதவு. நீங்கள் ஓரத்தில், 'இந்தத் தோட்டத்தில் நீ எங்கே உட்காருவாய்?' என்று கேட்டிருந்தீர்கள். சில்லு மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பற்றி எழுதினாள், நாலு பேருக்கு ஒன்பது செருப்பு, ஒன்றுக்கு ஜோடி இல்லை என்று. வீட்டு மானம் போகிறதே என்று நான் சண்டை போட்டேன். ஆனால் படித்ததும் கதவைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். ஒன்பதுதான்.

அடுத்தது 'என் தந்தை'. முதலில் தியாகச் சுடர் என்று எழுதியிருந்தாள். திருத்தியபோது, அப்பா சாப்பிட உட்கார்ந்து ஏதாவது யோசித்தால் இடது கை தானாகக் கியர் மாற்றும் என்று எழுதினாள். என் மகன் அதைப் படித்துவிட்டு ஒரு வாரம் இடது கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டான். ஆனால் அந்தக் கட்டுரையை வேலைக்கு எடுத்துப்போய் நடத்துனரிடம் காட்டியிருக்கிறான். அது எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

நடுவில் ஒரு மாதம் ஒன்றுமே வரவில்லை. பென்சிலைச் சீவிச் சீவி விரல் நீளத்துக்குக் கொண்டுவந்தாள். ஒன்றும் வரவில்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தாள். வராமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கிறது என்று எழுது என்றீர்கள். அன்றைக்கு எனக்கு உங்கள்மேல் கோபம். பிள்ளை தவிக்கிறாள், இந்தம்மா மேலும் வேலை கொடுக்கிறாரே என்று. அவள் ஒன்றரைப் பக்கம் எழுதினாள். அதன்பிறகு வறட்சி வரவே இல்லை.

கடைசியாக என்னைப் பற்றி எழுதியது. இடப்பக்கத்தில் நான் அன்பின் மலை, கருணைக் கடல். வலப்பக்கத்தில், 'சாப்பிடும்போது பாட்டி எங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, சட்டையைத்தான் பார்ப்பாள்.' இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது வேண்டுமென்றே முகத்தைப் பார்த்தேன். எவ்வளவு வளர்ந்துவிட்டாள் டீச்சரம்மா! எப்போது வளர்ந்தாள் என்றே எனக்குத் தெரியவில்லை. சட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படித் தெரியும்? இதற்கு உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்திருக்கிறேன். நான் படித்தபோது சிலேட்டுப் பலகையில் தப்பு வந்தால் உள்ளங்கையால் துடைத்துவிடுவோம், டீச்சர் பார்ப்பதற்குள். தப்பைக் காட்டச் சொன்ன டீச்சர் எனக்கு வாய்க்கவில்லை. அவளுக்கு வாய்த்தீர்கள்.

ஆகவே தண்டனை எனக்கே கொடுங்கள். வந்து பெஞ்சுமேல் ஏறி நில் என்றால் நிற்கிறேன், ஏற மட்டும் யாராவது கை கொடுக்க வேண்டும். சில்லுவைக் குழுவிலிருந்து விட்டுவிடாதீர்கள். உங்கள் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராமல், சிவப்பு மை வற்றாமல், நீங்கள் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நோட்டைத் துவைத்தவள்

பின்குறிப்பு: மணி நாலரை. சில்லு வந்துவிட்டாள். கடிதத்தைப் பிடுங்கி நின்றபடியே படித்தாள். நோட்டைத் துவைத்தது பாட்டி என்று காலையிலேயே உங்களிடம் உள்ளது உள்ளபடி சொல்லிவிட்டாளாம், நீங்கள் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துக் கண்ணில் நீர்வரச் சிரித்தீர்களாம். ஆகவே இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. என் சாட்சியமும் செல்லாது. "அது தியாகச் சுடர் இல்ல பாட்டி, தியாகத் திருவிளக்கு. தோட்டத்துக்குப் பக்கத்துல நீச்சல் குளம்கூட இருந்துச்சு. என் தப்பை நீ சொல்றப்பவும் துவைச்சுத்தான் சொல்ற" என்கிறாள். அதனால் மேலே உள்ள எதையும் நம்ப வேண்டாம்.

அன்றைக்கு எழுதியபடியே ஓர் இடப்பக்கத்தையாவது திரும்ப எழுதிக்கொண்டு வா, பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினீர்களாமே. இப்போது மேசையில் உட்கார்ந்து 'மழை' கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கிறாள். வானமென்னும் அன்னை கண்ணீர் வடித்தாள் என்று தொடங்குகிறாள். அடுத்த வரியிலேயே, பேருந்துப் படியில் குடையை மடக்க முடியாமல் தவிக்கும் ஒரு ஆள் ஏறிவிடுகிறார். அடிக்கிறாள். மறுபடி அன்னை. மறுபடி அந்த ஆள், இந்த முறை அவருக்குப் பின்னால் நாலு பேர் நனைந்துகொண்டு திட்டுகிறார்கள். இப்போது மணி ஆறு, ஒரு மணி நேரமாக இதே கதை. "பாட்டி, அந்த அளவுக்கு மோசமா எழுத வரமாட்டேங்குது, என்ன பண்றது?" என்று கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை நீங்களே அவளிடம் சொல்லுங்கள்.