பிழை 214: நிர்வாகியை அணுகவும்

நல்லூர், திருப்பூர்
12.8.2004

அன்புள்ள மாப்பிள்ளை சசிகுமாருக்கு,

தாய்மாமன் நாச்சிமுத்து எழுதுவது. பெங்களூரில் நீ சுகமாகத்தான் இருப்பாய். எங்கள் பனியன் கம்பெனிக்கு நீ எழுதிக் கொடுத்த சாப்ட்வேரோடு கிடப்பவன் நானல்லவா. உங்கள் புதுவீட்டுப் புண்ணியார்ச்சனையில் என்னை மூன்றாம் பந்தியில் உட்கார வைத்ததை மறந்துவிட்டேன் என்று உன் அம்மா, என் அக்கா மயிலாத்தாளிடம் சொல்லவும்.

விஷயம் என்னவென்றால், போன வெள்ளிக்கிழமை வாசலில் லாரி நிற்கிறது, தூத்துக்குடியில் கப்பல் நிற்காது, பேக்கிங் லிஸ்ட் இல்லாமல் லாரி நகராது, அதை முதல்முறையாகக் கம்ப்யூட்டரில் அச்சடிக்கப் போனால் உன் சாப்ட்வேர் "பிழை 214. நிர்வாகியை அணுகவும்" என்கிறது. இங்கே நிர்வாகி நான்தான். முதலாளி ஈஸ்வரமூர்த்தி வந்து என்னங்க சொல்லுது என்றார். என்னைப் பாருன்னு என்கிட்டயே சொல்லுதுங்க என்றேன். அவர் என்னைப் பார்த்தார். கீழே 'சரி' என்று ஒரு பொத்தான், எதுடா சரி? பேக்கிங் சூப்பர்வைசர் முனீஸ், அவன் ஊரில் டிவிக்கு இதுதான் வைத்தியம் என்று கம்ப்யூட்டர் தலையில் ரெண்டு தட்டினான். முதலாளி எலுமிச்சம்பழம் சுற்றச் சொன்னார், சுற்றினோம். உனக்குப் போன் அடித்தால் நீ மீட்டிங்கில். கப்பல் போன பிறகு எடுத்து, "அட மாமா, பெட்டி நம்பர் வரிசையா வரோணுமுங்க, ஏழுக்கு அப்புறம் ஒன்பது போட்டிருக்கீங்களே" என்று சிரிக்கிறாய். எட்டு ஆகாதென்று எங்கள் முதலாளி எந்தப் பெட்டிக்கும் அந்த எண்ணைப் போட விடமாட்டார். சரி, உன் சாப்ட்வேருக்குத் தெரிந்திருக்கிறதல்லவா, வாயைத் திறந்து சொன்னால் என்ன? "எட்டாம் பெட்டி இல்லை, சேருங்கள்." நாலே சொல். வாசகங்களை நான் எழுதித் தரட்டுமா என்று நீ சாப்ட்வேர் எழுதும்போதே கேட்டேன். தமிழ் எம்.ஏ. படித்த என்னிடம், அதெல்லாம் கடைசியில பாத்துக்கலாங்க மாமா என்றாய். கடைசி வந்துவிட்டது. கப்பலை விட்டதால், நான் இன்னும் ஏறாத விமானத்தில் கம்பெனி செலவில் ஜட்டியும் பனியனும் ஏறிப் போகின்றன, முதலாளி என் நாற்காலியையே பார்க்கிறார். கம்ப்யூட்டர் கோளாறுங்க என்று சமாளித்திருக்கிறேன். உங்க எட்டாலதான் என்று அவரிடம் யார் சொல்வது?

ஆகவே என்ன தப்பு, எங்கே தப்பு, என்ன செய்யணும், இதை மனுஷன் பேசுகிற தமிழில் எழுதி அனுப்பு.

என்ன கோபம் என்று வாய்விட்டுச் சொல்லும் மனைவி வாய்த்து நீ நீடூழி வாழ்க.

தாய்மாமன்,
நாச்சிமுத்து

பி.கு.: தபாலில் சேர்ப்பதற்குள் நீ அனுப்பிய புதுச் சிடி வந்துவிட்டது, போனில் திட்டியதே போதும் போலிருக்கிறது. போட்டோம். அருமையான தமிழ்: "எட்டாம் பெட்டி இல்லை. எண்ணை விட்டவர்: நாச்சிமுத்து. அவரைக் கேட்கவும்." முதலாளி கண்ணாடி மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார். "ஏனுங்க, அப்போ போன வாரமும் இதுதானுங்களா?" என்றார். பழைய சிடியை உடனே கூரியரில் போடு. ஒன்றும் புரியாமல் இருந்தவரைக்கும் வேலையாவது இருந்தது.